மூன்று உயிர்ப்புள்ளி

சட்பரியில் முழங்கால்வரை பனி.
வெள்ளிக்கிழமை, எட்டு மணி.
ஐனோ வீட்டு நிலவறையில்
சலவை இயந்திரம் ஓடுகிறது.
அதன்மேல் போட்ட பலகையில்தான் எங்கள் வரைபடம்;
அதனால் அந்தப் பாதாளத்தில்
அடிக்கடி நிலநடுக்கம்.

போன வருடம்வரை
மூன்று தடித்த புத்தகங்கள் வைத்திருந்தோம்.
வழவழத்த தாள். எடைக்குப் போட்டால்
ஒரு வாரத்து அரிசி தேறும்.
ஆளுக்கு எட்டுப் பக்கப் படிவம்.
என் வீரனுக்குப் பூர்வீகம் உண்டு, இலட்சியம் உண்டு,
எம்பிக் குதித்தால் எத்தனை அடி
என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.
இரண்டு வெள்ளி அவனை நிரப்பினேன்.
மூன்றாம் வெள்ளி
ஒரு கதவைத் தள்ள விதி தேடியதில்
பத்தரை ஆகிவிட்டது.
அந்தக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

வரி அலுவலகத்தில் வேலை எனக்கு.
பகலெல்லாம் பிறர் படிவம்.
அதற்கு முன் என் படிவம்:
வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை,
பட்டத்துக்கு இத்தனை.
கூட்டிப் பார்த்து ஆறு புள்ளி குறைய,
இரவெல்லாம் பிரெஞ்சு வினைச்சொல் மென்று
ஏறி வந்தவன்.

ஆகவே ஐனோ
புத்தகங்களை டிம்மின்ஸில் யாருக்கோ தந்துவிட்டு
நாற்பது பக்கம் நகலெடுத்துத் தைத்த
ஒரு நோட்டோடு வந்தபோது
முதலில் கைதட்டியது நான்.

மூன்று பகடை. ஆறு தடவை.
விழுந்த வரிசையில் எழுது.
மாற்றக் கூடாது, கெஞ்சக் கூடாது.
பலம் ஆறு. அறிவு ஒன்பது.
வசீகரம் மட்டும் பதினாறு,
பாதாளத்தில் யாருக்குக் காட்ட?
உயிர்ப்புள்ளி மூன்று.
உள்ளங்கை அட்டை ஒன்று போதுமாயிருந்தது;
பின்பக்கம் காலி.
பெயர் கேட்டாள். கொத்தவரங்காய் என்றேன்.
ஷில்பேர் வாய்க்குள் நுழையாமல்
கொட்டா என்று சுருக்கிக்கொண்டான்.
சான்றிதழ் யாரும் கேட்கவில்லை.

ஐனோ நிக்கல் சுரங்கத்தில் கூண்டு இயக்குகிறவள்.
காலையில் ஆட்களை இறக்குவாள்,
மாலையில் ஏற்றுவாள்.
வெள்ளி இரவு எங்களை இறக்குகிறாள்.
ஏற்றுவதற்கு மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை.

'தேடுகிறேன்' என்றால் ஆகாது.
எங்கே? எந்தக் கையால்?
இழுப்பறைக்கு அடியில், இடது கையால்,
கையுறை போட்டு என்றால் சாவி.
கையுறையை விட்டுவிட்டால் தேள்.
விட்டுவிட்டது இபெக்.
பல் மருத்துவர்; நாள் முழுக்கக் கையுறையோடு இருப்பவள்.
சிரித்து முடித்து, இன்னோர் அட்டையில்
செத்தவனின் தம்பியை எழுதிக்கொண்டாள்.
இரண்டு நிமிடம்.

தீப்பந்தம் ஒன்றுக்கு ஆறு தீக்குச்சி.
ஐனோ அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக எடுப்பாள்.
கயிறு எத்தனை அடி, எண்ணெய் எத்தனை குப்பி,
தரையைத் தட்டிப் பார்க்கப் பத்தடிக் கழி.
வாளைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

இன்றைக்கு மூன்றாம் தளம்.
கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
இங்கே பூதமே கிணறு வெட்டிக்கொண்டிருந்தது.
எட்டடி. கையில் கடப்பாரை.
தீக்குச்சி இரண்டு மிச்சம்.
ஷில்பேர் ஓடலாம் என்றான்.
"அதன் கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

நோட்டில் அது இல்லை.
ஐனோ ஒரு பக்கம் புரட்டி, மூடிவிட்டு,
தன் கையைப் பார்த்தபடி சொன்னாள்:
"காய்த்துப் போயிருக்கிறது. கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது."
"யாருக்காக வெட்டுகிறாய் என்று கேட்கிறேன்."
இரண்டு பகடை உருட்டினாள். பதினொன்று.
என் வசீகரத்துக்கு ஒன்று கூட்டினாள்.

பூதம் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தது.
மேலே மந்திரவாதி ஒருவன் இருக்கிறானாம்.
இரண்டு மாதக் கூலி பாக்கியாம்.

சலவை இயந்திரம் நின்றுவிட்டது.
துணியை எடுக்க யாரும் எழவில்லை.
கடைசித் தீக்குச்சியை எடுத்தவள்
கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.
இருட்டில் நாங்கள் மூவரும், நாலாவதாய்ப் பூதமும்
படிக்கட்டு எந்தப் பக்கம் என்று
மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொத்தவரங்காய்க்கு இன்னும் மூன்று புள்ளி.
அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் முதல் வரி எழுதினேன்:
பூதத்தின் கூலியை வாங்கித் தர வேண்டும்.